காகித விளக்கு, கண்ணாடி மேசை: நொகுச்சி பற்றிய என் பழைய குறிப்புக்கு ஒரு திருத்தம்

ரெண்டு வருஷம் முன்னாடி இங்கே இசாமு நொகுச்சியைப் பற்றி ஒரு சின்னக் குறிப்பு எழுதியிருந்தேன். அதன் சாரம் இதுதான்: 1951-ல் ஜப்பானின் கிஃபு ஊரில், இரவு நேரத்தில் ஆற்றில் நெருப்பு வெளிச்சத்தில் மீன் பிடிப்பதைப் பார்த்தார், அந்தக் காட்சி கொடுத்த உந்துதலில் 'அகாரி' என்ற காகித விளக்குகளைப் படைத்தார். படிக்க நன்றாகத்தான் இருக்கும். நானும் அப்படி நினைத்துத்தான் எழுதினேன். ஆனால் அது பாதிதான் சரி என்று இப்போது தோன்றுகிறது. மீதிப் பாதியை எழுதவே இந்தக் கட்டுரை.

யோசிக்க வைத்தது ஒரு டென்னிஸ் பந்து. எங்கள் வீட்டு ஹாலில் ஒரு வட்டமான காகித ஷேடு தொங்கிக்கொண்டிருந்தது. 'நொகுச்சி ஸ்டைல்' என்று போட்டு ஆன்லைனில் விற்றதை ஆசைப்பட்டு வாங்கினது. பையன் ஹாலில் கிரிக்கெட் ஆடி அதில் உள்ளங்கை அளவு ஓட்டை போட்டுவிட்டான். எதையும் தூக்கிப் போடும் முன் பிரித்துப் பார்ப்பது எனக்குப் பழைய வியாதி. கழற்றி மேசை மேல் வைத்து உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தேன். மெல்லிய இரும்புக் கம்பி, மேலிருந்து கீழ் வரை ஒரே இடைவெளியில் சுருளாகப் போகிறது. அதன் மேல் மெஷின் காகிதம். உள்ளே நட்டக்குத்தலாக ஒரு கம்பிச் சட்டம். அந்தச் சட்டம்தான் காகிதத்தை மேலேயும் கீழேயும் இழுத்து விரித்துப் பிடிக்கிறது. அதை எடுத்தால் மொத்தமும் தட்டு மாதிரி படிந்துவிடுகிறது.

அந்தச் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். ஆற்றில் தெரிந்த நெருப்பிலிருந்து வெளிச்சத்தின் நிறம் வரலாம், நிலவு போன்ற உருண்டை வரலாம். இந்தக் கம்பிச் சட்டம் வராது. இது யாரோ உட்கார்ந்து போட்டுத் தீர்த்த கணக்கு. அப்படியானால் நான் எழுதிய 'உந்துதல்' கதையில் இந்தக் கணக்குக்கு இடம் எங்கே?

வழக்கமாகச் சொல்லும் கதை

நொகுச்சியைத் தெரியாதவர்களுக்கு நாலு வரி. 1904-ல் லாஸ் ஏஞ்சலஸில் பிறந்தார். அப்பா யோனெஜிரோ நொகுச்சி ஜப்பானியக் கவிஞர். அம்மா லியோனி கில்மோர் அமெரிக்கர், எழுத்தாளர். சின்ன வயது ஜப்பானில், பள்ளியின் பிற்பகுதி அமெரிக்காவின் இண்டியானாவில். கல்லில், உலோகத்தில், மண்ணில் சிற்பம் செய்தார். தோட்டங்கள், விளையாட்டு மைதானங்கள், மார்த்தா கிரஹாமின் நடனங்களுக்கு மேடை அமைப்புகள், மேசை, ஸ்டூல், விளக்கு எல்லாம் செய்தார். 1988 டிசம்பரில் நியூயார்க்கில் காலமானார்.

1951-ல் ஹிரோஷிமாவுக்குப் போகிற வழியில் கிஃபுவில் இறங்கினார். அங்கே நாகரா ஆற்றில் நீர்க்காகங்களைப் பழக்கி மீன் பிடிக்கும் வழக்கம் பல நூற்றாண்டுகளாக உண்டு. படகின் முனையில் இரும்புக் கூடையில் விறகு எரியும், அந்த வெளிச்சத்தில் பறவைகள் முங்கி மீனைக் கவ்வி வரும். பார்க்க வருகிறவர்களின் படகுகளில் காகித விளக்குகள் தொங்கும். கிஃபு அந்தக் காகித விளக்குகளுக்கும் பெயர் போன ஊர். போருக்குப் பிறகு அந்தத் தொழில் நசிந்து கிடந்தது. ஊர் மேயர் நொகுச்சியிடம் ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டார். அவர் வரைந்து கொடுத்தார். 1891-லிருந்து இந்தத் தொழிலில் இருக்கும் ஒஸேகி என்ற நிறுவனம் செய்தது. அகாரி பிறந்தது.

இதில் எதுவும் பொய் இல்லை. பிரச்சினை, கதையை ஆரம்பிக்கும் இடத்தில். ஆற்றங்கரையில் ஆரம்பித்தால், ஒரு கலைஞர் வந்தார், பார்த்தார், பொறி தட்டியது என்று ஆகிவிடும். மென்பொருள் உலகத்திலும் இதே மாதிரிக் கதைகள் உண்டு. ஒரு புராடக்ட் வெற்றி பெற்றதும் 'காபி ஷாப்பில் தோன்றிய யோசனை' என்று மேடையில் சொல்வார்கள். அதற்கு முன் அஞ்சு வருஷம் ஒருத்தர் அதே பிரச்சினையில் முட்டிக்கொண்டிருந்தது கதையில் வராது.

நொகுச்சி கிஃபுவில் இறங்கியபோது அவருக்கு வயது 46. வெறும் கையோடு வரவில்லை. கிட்டத்தட்ட இருபத்தைந்து வருஷமாக ஒரு கேள்வியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அந்தக் கேள்வி விளக்கைப் பற்றியதே இல்லை, பீடத்தைப் பற்றியது.

பீடத்திலிருந்து இறங்குவது

1926-ல் நியூயார்க்கில் பிரான்குசியின் சிற்பக் கண்காட்சியைப் பார்க்கிறார். அடுத்த வருஷம் குகன்ஹைம் உதவித்தொகையில் பாரிஸ் போய், சில மாதங்கள் பிரான்குசியின் பட்டறையிலேயே உதவியாளராக வேலை செய்கிறார். வாழ்க்கை வரலாறுகள் எல்லாம் இங்கே 'அருவ வடிவத்தைக் கற்றார்' என்று ஒரு வரி எழுதிவிட்டு நகர்ந்துவிடும். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. பிரான்குசியின் பட்டறையில் உட்காரும் ஸ்டூல், மேசை, அடுப்பு எல்லாமே அவர் கையால் செதுக்கியவை. சிற்பத்தின் பீடத்தையும் சிற்பம் அளவுக்குக் கவனமாகச் செய்தவர் அவர். சில நேரம் எது பீடம், எது சிற்பம் என்று பிரிக்கவே முடியாது.

22 வயதுப் பையன் தினமும் காலையில் அங்கே போய் வேலை செய்கிறான். அவன் மனதில் இந்தக் கேள்வி விழாமல் இருக்குமா: பீடமே சிற்பம் என்றால், மேலே ஒன்று எதற்கு? சிற்பம் நேராகத் தரையில், மனிதர்கள் நடக்கிற அறையில் நின்றால் என்ன?

1930-களில் இந்தக் கேள்விக்கு அவர் ஒவ்வொரு பக்கமாகப் பதில் தேடுவதைப் பார்க்கலாம். 1935-ல் மார்த்தா கிரஹாமின் 'ஃபிரான்டியர்' நடனத்துக்கு வேலித்துண்டும் கயிறும் மட்டும் வைத்து மேடை அமைக்கிறார். அதைச் சிற்பமாகப் பார்ப்பவர்கள் தூரத்தில் இருக்கிறார்கள், ஆனால் ஒருத்தி அதன் உள்ளே ஆடுகிறாள். 1937-ல் ஸெனித் கம்பெனிக்கு 'ரேடியோ நர்ஸ்' என்ற கருவிக்கு வடிவம் கொடுக்கிறார். குழந்தை இருக்கும் அறைச் சத்தத்தைப் பெற்றோர் வேறு அறையிலிருந்து கேட்க உதவுவது. 1932-ல் லிண்ட்பெர்க்கின் குழந்தை கடத்தப்பட்டதால் வந்த பயத்தில் பிறந்த கருவி. நொகுச்சி அதை பேக்கலைட்டில் ஒரு முகமூடித் தலை மாதிரி செய்தார். வீட்டுச் சாமானாக, தொழிற்சாலையில் எண்ணிக்கையில் உற்பத்தியான சிற்பம்.

மூன்று கால் மேசை

1939-ல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த காங்கர் குட்இயரின் வீட்டுக்கு ஒரு மேசை செய்கிறார். கீழே ரோஸ்வுட் மரத்தில் சிற்பம், மேலே கண்ணாடி. பிரான்குசி கேள்வியின் நேரடிப் பதில் இது: பீடத்தைச் சிற்பமாக்கி, மேலே கண்ணாடியைப் போட்டு, பீடத்தையே பார்க்கச் சொல்வது.

அதற்குப் பிறகு நடந்ததை நொகுச்சி தன் சுயசரிதையில் சொல்கிறார். ஒருதரப்புச் சாட்சிதான், அப்படியே எடுத்துக்கொள்வோம். ராப்ஸ்ஜான் கிப்பிங்ஸ் என்ற வடிவமைப்பாளர் ஒரு காபி டேபிள் மாதிரி கேட்க, இவர் செய்து கொடுத்தார். பிறகு பதிலே இல்லை. போர் வந்தது. 1942-ல், அமெரிக்காவின் மேற்குக் கரையில் இருந்த ஜப்பானிய வம்சாவளியினரை அரசு முகாம்களில் அடைத்தது. நியூயார்க்கில் வசித்த நொகுச்சிக்கு அந்த உத்தரவு பொருந்தாது. ஆனாலும் தானாகவே அரிசோனா பாலைவனத்தில் இருந்த போஸ்டன் முகாமுக்குப் போனார். (பாஸ்டன் நகரம் இல்லை, இது வேறு.) பூங்கா, பொழுதுபோக்கு இடங்கள் என்று திட்டங்கள் வரைந்தார். ஒன்றும் நடக்கவில்லை. தானாக வந்தவர் என்றாலும் வெளியே போக அனுமதி கிடைக்க மாதக்கணக்கானது. அந்த முகாமில் இருந்தபோதுதான், தன் மேசையின் இன்னொரு வடிவம் கிப்பிங்ஸின் விளம்பரத்தில் வந்திருப்பதைப் பார்க்கிறார். திரும்பி வந்து கேட்டதற்குக் கிடைத்த பதில்: மூன்று கால் மேசையை யார் வேண்டுமானாலும் செய்யலாமே.

இந்த இடத்தைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் ரத்தம் சூடானது. பழைய ஆபீஸ் ஒன்றில் நான் மூணு மாசம் உட்கார்ந்து எழுதின ஒரு டிசைன் டாக்குமெண்ட், வேற டீமின் பெயரில் வந்தபோது, 'இதை யாரும் எழுதலாமேப்பா' என்றுதான் எனக்கும் பதில் வந்தது. நான் ரெண்டு நாள் லீவு போட்டேன். நொகுச்சி இன்னொரு மேசை செய்தார்.

குட்இயர் மேசையையே எடுத்துச் சுருக்கி, கறாராக ஆக்கினதுதான் இன்று நாம் 'நொகுச்சி டேபிள்' என்று சொல்வது. ஹெர்மன் மில்லர் நிறுவனம் 1940-களின் கடைசியில் உற்பத்தி ஆரம்பித்தது, 1973-ல் நிறுத்தியது, 1984-ல் மறுபடி கொண்டுவந்தது, இன்றும் விற்கிறது. இதன் பொறியியல் அழகைச் சொல்லியே ஆகணும். அடியில் ஒரே வடிவமுள்ள ரெண்டு மரத்துண்டுகள். ஒன்று நேராக, மற்றது தலைகீழாக. நடுவில் ஒரே ஒரு முளை இரண்டையும் கோத்துவிடுகிறது. சேர்ந்தால் முக்காலி. மூன்று புள்ளிகளில் நிற்பது ஆடாது, ஸ்கூல் ஜியோமெட்ரிதான். மேலே கனமான கண்ணாடி, திருகு கிடையாது, பிசின் கிடையாது. தன் எடையாலேயே உட்கார்ந்திருக்கிறது. ஒரே டெம்ப்ளேட், ரெண்டு துண்டு, ஒரு முளை, ஒரு கண்ணாடி. ரோஸ்வுட்டில் பணக்காரர் வீட்டுக்குச் செய்த ஒற்றைப் படைப்பை, பட்டறையில் திரும்பத் திரும்பச் செய்யக்கூடியதாக மாற்றியது இந்தச் சுருக்கம். யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்ற பதிலுக்கு, யாரும் இதுவரை செய்யாததைச் செய்து காட்டினார்.

ஆனால் விமர்சனமாக ஒன்று சொல்ல வேண்டும். இந்த மேசையின் படங்களைக் கவனித்துப் பாருங்கள். நான் பார்த்தவற்றில் பெரும்பாலும் மேசை காலியாக இருக்கும், போனால் போகிறது என்று ஓரத்தில் ஒரு பூ ஜாடி. ஏன்னா, அதன் மேல் செய்தித்தாளும் டீ டம்ளரும் ரிமோட்டும் வைத்தால் கீழே இருக்கும் சிற்பம் மறைந்துவிடும். பயன்படுத்தினால் சிற்பம் தெரியாது, சிற்பம் தெரிந்தால் பயன்படுத்தவில்லை என்று அர்த்தம். பீடத்திலிருந்து சிற்பம் இறங்கிவிட்டது, ஆனால் அறையில் இன்னும் முழுசாகக் கலக்கவில்லை. கண்ணாடிக்குக் கீழே, அருங்காட்சியகப் பெட்டியில் இருப்பது போலத்தான் இருக்கிறது.

கல்லுக்குள் வெளிச்சம்

முகாமிலிருந்து 1942 நவம்பரில் வெளியே வந்த நொகுச்சி, அடுத்த வருஷங்களில் 'லூனார்' என்ற வரிசையைச் செய்கிறார். மேக்னசைட் என்ற சிமெண்ட் போன்ற பொருளில் குமிழும் குழியுமான வடிவங்கள், உள்ளே மின்விளக்கு. 'லூனார் லாண்ட்ஸ்கேப்' 1943-44. பெயரே நிலவைச் சொல்கிறது. பாலைவன முகாமின் வெறுமையை அவற்றில் பார்க்கிறவர்கள் உண்டு. எனக்கும் அது சரியென்றே படுகிறது. செயின்ட் லூயிஸ் நகரில் ஒரு அடுப்புக் கம்பெனியின் கட்டடத்துக்கு இதே பாணியில் ஒரு முழு உட்கூரையே செய்து கொடுத்தார். பின்னால் வந்தவர்கள் அதற்குக் கீழே பொய்க்கூரை அடித்துப் பல பத்தாண்டுகள் மறைத்து வைத்திருந்தார்கள். அது மறுபடி வெளியே வந்தது சமீபத்தில்தான்.

இங்கேதான் என் பழைய குறிப்பு சறுக்குகிறது. ஆற்றங்கரை இரவுக்கு எட்டு வருஷம் முன்னாடியே நிலவும் இருக்கிறது, உள்ளே விளக்கும் இருக்கிறது. சிற்பம் தன் வெளிச்சத்தைத் தானே கொண்டுவர வேண்டும் என்ற யோசனை கிஃபுவில் கிடைத்ததில்லை.

லூனார்களில் அவரால் தீர்க்க முடியாத சிக்கல் எடை. பொருள் கனமானது, ஒளி ஊடுருவாது. வெளிச்சம் ஓட்டை வழியாகத்தான் கசிய முடியும். அதே காலத்தில் தன் தங்கைக்காக மூன்று கால் வைத்த உருளை விளக்கு ஒன்று செய்தார். அதை மாற்றி, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கில் நோல் கம்பெனி உற்பத்தி செய்தது. எளிமையான சாமான் என்பதால் சீக்கிரமே நகல்களும் வந்தன. அதில் எடை போய்விட்டது, ஆனால் வடிவமும் போய்விட்டது. ஒரு தாளை உருட்டினால் உருளைதான் வரும், குமிழ் வராது. ரெண்டு பக்கமும் வளையும் பரப்பைத் தட்டையான தாளிலிருந்து கிழிக்காமல் எடுக்க முடியாது. உலக வரைபடம் போடுகிறவர்களைக் கேட்டால் தெரியும்.

ஆக 1950 வாக்கில் அவர் கையில் இருந்தது இது: சிற்பம்போல் எந்த வடிவமும் எடுக்க வேண்டும், உள்ளே விளக்கு இருக்க வேண்டும், ஒளி சுவர் வழியாகவே வர வேண்டும், எடை இருக்கக் கூடாது. இந்த நாலும் ஒரு சேர அமையவில்லை.

கிஃபுவில் ஏற்கெனவே இருந்த பதில்

இப்போது கிஃபுவின் விளக்குப் பட்டறைக்குப் போவோம்.

முதலில் மர அச்சு. பிறை மாதிரி வெட்டின பலகைகளை நட்டக்குத்தலாக, ஆரஞ்சுச் சுளைகள் போலச் சுற்றி நிறுத்திக் கட்டுவார்கள். பலகைகளின் வெளி விளிம்பில் சின்னச் சின்ன வெட்டுகள். ஈர்க்கு போல மெலிதாகச் சீவின மூங்கிலை அந்த வெட்டுகளில் பதித்து மேலிருந்து கீழ் வரை சுற்றிக்கொண்டே வருவார்கள். பிறகு மல்பெரி வகை மரப்பட்டையில் செய்த வாஷி காகிதத்தைப் பட்டை பட்டையாக நறுக்கி, மூங்கில் மேல் பசை தடவி ஒட்டுவார்கள். காய்ந்ததும் உள்ளே இருக்கும் மரப்பலகைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து வாய் வழியாக வெளியே எடுத்துவிடுவார்கள். மிஞ்சுவது காகிதமும் மூங்கிலும் மட்டும். அழுத்தினால் மடியும், விட்டால் விரியும்.

ஒரு சிற்பியின் கண்ணால் இதைப் பாருங்கள். வடிவத்தைத் தீர்மானிப்பது அந்தப் பலகையின் விளிம்புக் கோடு ஒன்றுதான். கோட்டை மாற்றினால் வடிவம் மாறும். குமிழ் வேண்டுமா, இடுப்பு ஒடுங்க வேண்டுமா, தட்டாக வேண்டுமா, எல்லாம் முடியும். தாளைப் பட்டைகளாக நறுக்கி ஒட்டுவதால் வளைவுப் பிரச்சினையும் தீர்ந்தது. அதைவிட முக்கியமானது, கனமான பகுதி முழுக்க வேலை முடிந்ததும் வெளியேறிவிடுகிறது. மரத்தில் செய்த சிற்பம்தான் அச்சு. அதன் மேல் ஒரு தோல் வளர்கிறது. சிற்பம் எழுந்து போய்விடுகிறது, அது இருந்த இடத்தில் விளக்கு உட்கார்ந்துகொள்கிறது.

நாலு நிபந்தனைக்கும் பதில் அங்கே சில நூற்றாண்டுகளாகவே இருந்திருக்கிறது. கிஃபுவில் நடந்ததைக் கண்டுபிடிப்பு என்று சொல்வதைவிட அடையாளம் கண்டுகொண்டது என்று சொல்வதே சரி. கேள்வியைச் சுமந்துகொண்டு வந்தவருக்குத்தான் பதில் கண்ணில் படும். அன்றைக்கு ஆற்றில் நெருப்பைப் பார்த்த மற்ற பயணிகள் யாரும் விளக்கு செய்யவில்லை.

அவர் மாற்றியது என்ன? மெழுகுவர்த்திக்குப் பதில் மின்விளக்கு. முட்டை வடிவத்துக்குப் பதில் உருண்டை, தட்டு, தூண், பெட்டி, பின்னால் இவை ஒன்றின் மேல் ஒன்று ஏறியவை. மேலும் கீழும் கம்பி வைத்து இழுத்துப் பிடிக்கும் சட்டம் (என் ஓட்டை ஷேடில் இருந்தது அதன் தூரத்துச் சொந்தம்). கிஃபு விளக்குகளில் வழக்கமாக வரைந்திருக்கும் பூ, புல் ஓவியங்களை நீக்கினார். சில வடிவங்களில் மூங்கில் சுற்றின் இடைவெளியைக் கலைத்தார். சிலதில் கோடுகள் ஒழுங்கே இல்லாமல் ஓடும். அச்சு, மூங்கில், வாஷி, பசை, சுற்றுகிற கை ஆகியவற்றைத் தொடவில்லை. பட்டியலில் தொடாதவைதான் கனமானவை. நல்ல பொறியாளர் ஒருவர் பழைய சிஸ்டத்தில் கை வைக்கும்போது காட்டும் அடக்கம் இது.

'அகாரி' என்றால் ஜப்பானிய மொழியில் வெளிச்சம். அதை எழுதும் ஓர் எழுத்தில் சூரியனும் நிலவும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். ஆங்கிலத்தில் 'லைட்' என்றால் வெளிச்சமும்தான், இலேசும்தான். நொகுச்சிக்கு இந்த ரெண்டு அர்த்தமும் சேர்ந்தே வேண்டியிருந்தது. தமிழில் இந்தச் சேர்க்கை கிடைக்காது. மேக்னசைட்டோடு மல்லுக்கட்டியவருக்கு எடை போனது எவ்வளவு பெரிய விடுதலை என்பதை நாம் கொஞ்சம் முயற்சி செய்துதான் உணர வேண்டும்.

ஒரு விஷயம் இதோடு சேர்த்துப் பார்க்கணும். அவர் ஹிரோஷிமாவுக்குப் போனது அமைதிப் பூங்காவை ஒட்டிய ரெண்டு பாலங்களின் கைப்பிடிச் சுவர்களை வடிவமைக்க. அவை கட்டப்பட்டன. அடுத்து, குண்டில் இறந்தவர்களுக்கான நினைவுச் சின்னத்துக்கும் 1952-ல் ஒரு வடிவம் கொடுத்தார். அது நிராகரிக்கப்பட்டது. குண்டு போட்ட நாட்டுக்காரர் என்பது காரணமாகச் சொல்லப்படுகிறது. பத்து வருஷம் முன்னாடி அமெரிக்காவில் ஜப்பானியனாக முள்வேலிக்குள் இருந்தவர், ஜப்பானில் அமெரிக்கராகிவிட்டார். கல்லில் செய்யும் பொதுச் சின்னம், அதை யார் செய்தார்கள் என்று கேட்கும். காகித விளக்கு அப்படிக் கேட்கவில்லை. அடுத்த முப்பத்தைந்து வருஷம் அவர் அகாரியை விடாமல் செய்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் வாசிப்பு.

என் குறைகள்

புகழ்ந்தாச்சு. இப்போது உறுத்துவதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒன்று, நீக்கப்பட்ட ஓவியம். நவீன வடிவமைப்புப் புத்தகங்கள் 'அலங்காரத்தை அகற்றினார்' என்று பாராட்டும். கிஃபுவில் அந்த அலங்காரம் ஒருத்தருடைய சம்பளம். மூங்கில் சுற்றுகிறவருக்கும் காகிதம் ஒட்டுகிறவருக்கும் அகாரி வேலை கொடுத்தது, ஓவியருக்கு அதில் வேலை இல்லை. ஓவியம் போட்ட பழைய பாணி விளக்குகள் இன்றும் கிஃபுவில் தயாராகின்றன என்பது உண்மை. ஆனாலும், ஒரு கைத்தொழிலைக் காப்பாற்றிய கதையாக இதைச் சொல்லும்போது, எந்தப் பாதியை என்று சொல்லிவிட வேண்டும்.

இரண்டு, பெயர். நொகுச்சி பெயர் தெரியும், ஒஸேகி பெயர் தேடினால் கிடைக்கும். சுற்றியவர் பெயர் விளக்கில் இல்லை. சிற்பத்தைப் பட்டறையில் பலர் செய்து ஒருவர் கையெழுத்துப் போடுவது பழைய வழக்கம்தான். ஆனால் சிற்பியின் கை மர அச்சோடு நின்றுவிடுகிற பொருளில், அந்த இடைவெளி இன்னும் அதிகமாகத் தெரிகிறது.

மூன்று, விலை. எல்லார் வீட்டிலும் இருக்கக்கூடிய சிற்பம் என்பதுதான் ஆசை. கையால் செய்வதால் அசல் அகாரி என் மாதிரி ஆட்கள் ஹாலில் தொங்கவிட யோசிக்கிற விலை. எல்லார் வீட்டுக்கும் போனது நகல்தான். நகல்கள் வர வர அவர் புதுப்புது வடிவங்களாகச் செய்து முன்னால் ஓடினார். மொத்தம் நூறு வடிவங்களைத் தாண்டின. நகல் எடுத்தவர்கள் பெரும்பாலும் எடுத்துக்கொண்டது உருண்டையை மட்டும். ஏன்னா, எந்திரத்துக்குச் சுலபம் அதுதான். இதனால் நொகுச்சி என்றாலே உருண்டை என்று ஆகிவிட்டது. அவருடைய கணக்கில் உருண்டை ஆரம்பப் பாடம் மட்டுமே.

நான்கு, எல்லாமே வென்றதில்லை. 1950-களில் நோல் கம்பெனிக்குக் கம்பிகளைச் சாய்த்துக் கோத்து ஆடும் ஸ்டூல் ஒன்று செய்தார். உட்கார்ந்தால் எந்தப் பக்கமும் சாயும். வேடிக்கையான சாமான், ஆனால் அதிக நாள் உற்பத்தியில் நிற்கவில்லை. அதே கம்பிப் பின்னலைப் பெரிதாக்கி, ஆடாமல் கனமான அடித்தட்டு வைத்துச் சாப்பாட்டு மேசையாக்கியபோது ஓடியது. மனிதர்கள் ஆடும் சிற்பத்தின் மேல் உட்காரத் தயாராக இல்லை. ஆடாத சிற்பத்தின் மேல் தட்டு வைக்கத் தயார்.

வெனிஸ், 1986

1986 வெனிஸ் பியனாலேயில் அமெரிக்க அரங்கம் நொகுச்சிக்குக் கிடைத்தது. வயது 81. அரங்கத்துக்கு அவர் வைத்த தலைப்பு 'சிற்பம் என்றால் என்ன?' என்ற கேள்வி. வெளியே குழந்தைகள் சறுக்கி விளையாடக்கூடிய பெரிய பளிங்குச் சிற்பம். உள்ளே அறை அறையாக அகாரி விளக்குகள். வாழ்நாள் சாதனையைக் காட்டும் மேடையில், கடையில் விலை போட்டு விற்கும் காகித விளக்கைக் கொண்டுபோய் வைக்கிறார். அந்த வருஷம் தங்கச் சிங்க விருது ஃபிராங்க் ஆவர்பாக், சிக்மார் போல்கே என்ற ரெண்டு ஓவியர்களுக்குப் போனது.

விளக்கைத் தவிர்த்துக் கல்லை மட்டும் அனுப்பியிருந்தால் அவருக்குப் பாதுகாப்பாக இருந்திருக்கும். அவர் அதைச் செய்யவில்லை. 1927-ல் பாரிஸ் பட்டறையில் விழுந்த கேள்விக்கு அவர் கொடுத்த கடைசிப் பெரிய பதிலாக இதை எடுத்துக்கொள்கிறேன். ஒரு வருஷம் முன்பு, 1985-ல், நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் அவர் திறந்த தன் சொந்த அருங்காட்சியகத்திலும் இதே பிடிவாதம்தான். காட்சி அறையில் அகாரி இருக்கிறது, அருங்காட்சியகக் கடையிலும் அகாரி இருக்கிறது. ஒன்றைத் தொடக்கூடாது, மற்றதைப் பணம் கொடுத்து மடித்து வீட்டுக்கு எடுத்துப் போகலாம். மேசை விஷயத்தில் நான் சொன்ன குறை விளக்குக்குப் பொருந்தாது. பயன்படுத்தும்போதுதான், அதாவது ஸ்விட்சைப் போடும்போதுதான், அது சிற்பமாகிறது.

பழைய குறிப்பில் 'அந்தக் காட்சி கொடுத்த உந்துதலில்' என்ற வரியை அடித்துவிட்டு இந்தக் கட்டுரைக்குச் சுட்டி கொடுத்திருக்கிறேன். நாகரா ஆற்றை எடுக்கவில்லை. அவர் போனார், பார்த்தார், அது நடந்தது. ஆனால் கதை இனிமேல் அங்கே ஆரம்பிக்காது.

ஷேடைத் தூக்கிப் போடவில்லை. பையனும் நானும் டிரேஸிங் பேப்பரை வெட்டி மைதா பசையில் ஒட்டினோம். வளைவில் அது சரியாக உட்காரவில்லை, ஓரத்தில் சுருங்கிக்கொண்டது. ஒரே துண்டாக ஒட்டினதுதான் தப்பு, பட்டை பட்டையாக நறுக்கியிருக்கணும் என்று பிறகுதான் உறைத்தது. விளக்கைப் போட்டால் அந்த இடம் மட்டும் கொஞ்சம் இருட்டாகத் தெரிகிறது. கிரிக்கெட் மொட்டை மாடிக்குப் போய்விட்டது.